வீடு முழுவதற்கும் ஓர் அழைப்பு

கைப்பேசியில் வீட்டு இணைய ரூட்டரின் அமைப்புப் பக்கத்தை மறுபடியும் திறந்தான்.

அதே கைப்பேசிதான் மேசைமேல், ஸ்பீக்கரில் இருந்தது. அந்தப் பக்கம் பாளையங்கோட்டையில் அவன் மனைவி. கூடவே அவள் தம்பி முத்தரசு.

சண்டை போட்டுக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனதிலிருந்து அவள் இவனிடம் நேராகப் பேசுவதில்லை.

“அத்தான், கம்ப்யூட்டர் இன்னும் எழும்பலயான்னு அக்கா கேக்கா.”

“கேட்டுச்சு.”

“கேட்டுச்சாம்க்கா.”

அவள் வரைந்த கட்டட வரைபடங்கள் எல்லாம் கோவையில், இந்த மேசைக்கடியில் உறங்கும் கணினியில் இருந்தன. அவற்றுக்காக ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தாள்.

எதுக்கு அலையணும், இங்க இருந்தே கணினியை எழுப்பித் திறந்துக்கலாமே என்று யோசனை சொன்னவன் முத்தரசு.

பகலில் இவன் மில்லுக்குப் போய்விடுவான். எழுப்பிவிட வீட்டில் வேறு ஆள் கிடையாது.

செய்த தவறு இப்போதுதான் பிடிபட்டது. கணினியை எழுப்ப வெளியிலிருந்து வரும் அழைப்பை நேராக அதற்கே அனுப்பும்படி ரூட்டரில் வைத்திருந்தான். அது உறங்கிக் கொஞ்ச நேரமானால் ரூட்டருக்கு அதன் இடம் மறந்துபோகிறது.

அழைப்பை வீட்டிலுள்ள எல்லாவற்றுக்கும் அனுப்பச் சொல்ல வேண்டும். டிவிக்கு, பிரிண்டருக்கு, இவன் கைப்பேசிக்கு. உரியது மட்டும் எழும்.

அழைப்பு போகும் முகவரியின் கடைசி எண்ணை, எல்லாவற்றையும் குறிக்கும் 255 என்று மாற்றினால் போதும்.

மாற்றாமலும் விடலாம். முடியவில்லை என்று சொன்னால் நம்புவார்கள். ஞாயிறு வரும். அவளும் வருவாள்.

அப்படி வருகிறவள் எத்தனை நாள் இருப்பாள்?

255 என்று அடித்துச் சேமித்தான்.

“இப்பப் பாக்கச் சொல்லு.”

மேசைக்கடியில் கணினியின் விசிறி சுழன்றது. திரை வெளுத்தது.

“எழும்பிட்டுக்கா!” முத்தரசு கத்தினான்.

அம்புக்குறி தானாக நகர்ந்தது. அவள் கை.

யாரோ ஒருவருடைய வீட்டின் வரைபடம் திறந்தது. அம்புக்குறி சமையலறைப் பக்கம் போய்ச் சற்று நின்றது. வரைபடம் மூடியது.

அவ்வளவுதான். இனி அவள் வரவே வேண்டியதில்லை.

“முடிஞ்சதும் தூங்க மட்டும் வைக்கச் சொல்லு. அணைச்சிட்டா எங்க இருந்து கூப்பிட்டாலும் எழும்பாது. ஆள் வந்துதான் பட்டனை அமுக்கணும்.”

“அக்கா, தூங்க மட்டும் வைக்கணுமாம். அணைச்சிட்டா—”

அம்புக்குறி ‘ஸ்லீப்’ என்பதன்மேல் வந்து நின்றது.

நின்றுகொண்டே இருந்தது.

பிறகு ஒரு வரி கீழே இறங்கியது. ‘ஷட் டவுன்.’

திரை இருண்டது. விசிறி ஓய்ந்தது.

“ஐயோ, என்னக்கா! அத்தான் அவ்வளவு சொன்னாவல்லா?”

“எனக்குக் காது இருக்குடே,” என்றாள் அவள். “நீ கொஞ்சம் எந்திச்சுப் போ.”

நாற்காலி நகரும் சத்தம். கதவு சாத்தப்பட்டது.

அவன் ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு, கைப்பேசியை எடுத்துக் காதில் வைத்தான்.