ஒரே ஒரு நட்சத்திரம்

"எவளோ ஒருத்தி வேணும்னே பண்றா!"

தேவேந்திரன் போனைத் தூக்கி எறிந்தான். மெத்தை மேல்தான். கோபத்திலும் அந்த அளவுக்கு நிதானம் இருந்தது.

அடுப்படியிலிருந்து காயத்ரி எட்டிப் பார்த்தாள். "இன்னாங்க ஆச்சு?"

"கம்பெனிக்காரன் மெயில் போட்டுக்கிறான். 'பேட்டரி நிக்கலன்னு ஒரு புகார் இருக்குதே, அதுக்குப் பதில் சொல்லுங்க, அப்புறம் பேசலாம்'னு. எல்லாம் அந்த ஒத்த ஸ்டாரால!"

ஸ்மார்ட் வாட்சுக்கு முகப்பு வடிவமைப்பது அவன் தொழில். 'கரை' என்று ஒன்று செய்திருந்தான். கறுப்புத் திரை, ஓரத்தில் மெல்லிய பட்டுக்கரை. நிறம் அரக்கோ மயில்கழுத்தோ, உரு கோபுரமோ ருத்திராட்சமோ, கட்டுகிறவர் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். வாட்ச் விழிக்கும்போதெல்லாம் அந்தக் கரை இழை இழையாகத் தன்னைத் தானே நெய்துகொண்டு வரும். அதில்தான் அவனுக்குப் பெருமை. அப்படியும் பேட்டரி மூன்று நாள் நிற்கும் என்று சொல்லியிருந்தான். சென்னையில் ஒரு வாட்ச் கம்பெனி அதைத் தன் வாட்சுகளிலேயே போட்டு விற்பதாகச் சொன்னது. அந்த நேரம் பார்த்துத்தான் இந்தப் புகார்.

ஆப் ஸ்டோரில் வெளியிட்ட முதல் வாரம் ஈ, காக்கா கூட எட்டிப் பார்க்கவில்லை. சோறு தண்ணி இல்லாமல் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டான். அப்புறம் கொட்டியது பாருங்கள், நாற்பது பேர், நாற்பதும் ஐந்து நட்சத்திரம்! வீரபாகு, தையல்நாயகி என்று எல்லாம் மாமியார் வீட்டுத் தெருக்காரர்கள், பிள்ளையார்பாளையம். 'நாலு நாள் நிக்குது' என்று எழுதியிருந்தார் வீரபாகு. அவன் சொன்னதைவிட ஒரு நாள் கூட! புகழ்ச்சி வந்து விழும்போது எங்கிருந்து விழுகிறது என்று யார் நிமிர்ந்து பார்க்கிறார்கள்?

அதே தெருவிலிருந்துதான் இந்த ஒற்றை நட்சத்திரமும். பெயர் துளசி. 'மத்தியானத்துக்கே செத்துப்போவுது. செஞ்சவர் இத கைல கட்டிக்கினு வேலை செஞ்சு பாத்தாரா?'

"என்னையே கேக்கறா! நேர்ல போயி நாக்கப் புடுங்கிக்கற மாதிரி கேக்கறேன்."

காயத்ரியின் முகம் வெளுத்தது. "போவாதீங்க. நான் பேசிக்கறேன். அது நல்ல பொண்ணுங்க."

"ஊருக்கெல்லாம் பரிஞ்சு பேசு. கட்டினவனுக்கு மட்டும் பேசாத!"

பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனான்.

"வாங்க மாமா. காயத்ரி அக்கா வரலியா?" துளசி தறியிலிருந்து எழுந்தாள். அவள் மணிக்கட்டில் வாட்ச். அதில் அவனுடைய கரை, மாம்பழ மஞ்சளில்.

"உக்கார வர்ல. அந்த ஒத்த ஸ்டார எடு. இப்பவே, என் கண்ணு முன்னால. என் பொழப்புல மண்ணப் போடறியே, உனுக்கு நான் இன்னா துரோகம் பண்ணேன்?"

"எடுக்க மாட்டேன் மாமா. மூணு தபா மெயில் போட்டேன். நீங்க ஒண்ணுத்துக்கும் பதில் போடல."

மெயில் வந்தது உண்மைதான். வேலையற்ற யாரோ என்று தள்ளிவிட்டிருந்தான்.

"என் பாப்பாக்கு வலிப்பு வரும். பால்வாடிலேர்ந்து டீச்சர் போன் பண்ணா தறி சத்தத்துல கேக்காது. கைல அதிர்ந்தா தெரியும்னுதான் இத வாங்கனேன். போன செவ்வாக்கெழம போன் வந்தப்போ இது செத்துக் கெடந்துது." அவள் குரலும் ஏறியது. "உங்க பொழப்பு உங்களுக்கு. என் புள்ள எனக்கு."

"அதுக்கு என் முகப்பு இன்னா பண்ணும்? நீ சும்மா இல்லாம அத நோண்டிக்கினே இருந்திருப்ப!"

"நோண்டறனா? நீங்களே பாருங்க."

தறியில் உட்கார்ந்து கயிற்றை இழுத்தாள். ஊடைநூல் சுமக்கும் நாடா இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓடியது. கை அசைந்ததும் வாட்ச் பளிச்சென்று விழித்தது. கரை இழை இழையாக ஓடி வந்தது. அது அணைவதற்குள் அடுத்த இழுப்பு. மறுபடி விழிப்பு, மறுபடி கரை.

தேவேந்திரன் குனிந்து அவள் மணிக்கட்டையே பார்த்தான்.

மேஜை மேல் கையை வைத்துக்கொண்டு வேலை செய்கிறவனின் வாட்ச் எப்போதாவதுதான் விழிக்கும். அப்படிப்பட்ட கையில் கட்டிப் பார்த்துத்தான் அவன் மூன்று நாள் என்று சொல்லியிருந்தான். தறி வீட்டில் பிறந்து, தறி வீட்டில் பெண்ணும் எடுத்தவனுக்கு இந்தக் கை ஞாபகமே வரவில்லை. வெட்கமாக இருந்தது. சிலருக்கு வெட்கம் வந்தால் கோபம் இன்னும் ஏறும். அவனுக்கும் ஏறியது.

"சரி, உனுக்கு நிக்கலன்னே வச்சுக்குவோம். மத்த நாப்பது பேரும் இதே தெருதான? அவங்களும் தறிதான ஓட்டறாங்க? அவங்களுக்கு மட்டும் எப்படி நிக்குது? வீரபாகு மாமா நாலு நாளுன்னு எழுதிக்கிறாரே, அவரு இன்னா பொய்யா சொல்றாரு?"

துளசி கயிற்றை விட்டாள். சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கினாள்.

"அக்காகிட்ட போயி சண்டை போடக் கூடாது மாமா. நீங்க சாப்பிடாம படுத்துட்டீங்கன்னு அழுதுக்கினே வூடு வூடா வந்தாங்க. எல்லார் போன்லயும் உங்க கரைய அவங்களே ஏத்திக் குடுத்தாங்க. தெருவே ஸ்டார் போட்டுச்சு."

"போன்ல இருக்கட்டும். வாட்ச்சுல?"

"இந்தத் தெருவுலயே வாட்ச் வச்சிருக்கறது நான் ஒருத்திதான் மாமா."