மாடி வீட்டு ஓவர்லோடு

"யூ.பி.எஸ்ல இஸ்திரிப்பெட்டியைச் சொருகாதேன்னு எத்தனை தடவை சொல்றது? அது கம்ப்யூட்டருக்கு மட்டும்தான்!"

"உங்கம்மா மேல சத்தியமா நான் தொடவே இல்லைங்க!"

நான் ஒட்டுக்கேட்கிற ஆள் இல்லை. சர்க்கரை வாங்கும் சாக்கில் மாடிக்குப் போனேன். சுமை தாங்கவில்லை என்று யூ.பி.எஸ் விடாமல் கூவிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் உட்பட அதில் சொருகியிருந்த எல்லா ஒயரையும் மாடி வீட்டுக் கணக்காளர் அப்போதே பிடுங்கிவிட்டார். கூவல் நிற்கவில்லை. பழியை மட்டும் மனைவி மேலேயே போட்டார்.

மறுவாரம் அவள் தன் அண்ணன் வீட்டுக்கே போய்விட்டாள். எதுவும் சொருகாமலே இன்னும் கூவிக்கொண்டிருந்த யூ.பி.எஸ்ஸை எடுத்துப்போக மெக்கானிக் வந்தபோது எதேச்சையாக நானும் வாசலில் நின்றேன். மனைவியிடம் ஒருநாளும் பேசாத மெல்லிய குரலில் கணக்காளர் தடுத்தார்:

"கழட்டாதீங்க தம்பி. பாவம், யாரோ யூஸ் பண்ணிட்டிருக்காங்க."