மேல் வீட்டு ரம்பம்

கதவைத் தட்டுகிறார்கள் என்று அவன் நினைக்கவில்லை. ஹெட்போனில் ஓடும் டிரம்ஸ் இன்றைக்கு நன்றாக விழுகிறது என்று நினைத்தான்.

நான்காவது முறை கதவே ஆடியது.

ஆம்ப்ளிஃபயரை அணைத்தான். கிட்டாரைக் கட்டிலில் கிடத்தி, போர்வையைத் தலைவரை இழுத்து மூடினான். காய்ச்சல்காரனுக்கு மூடுவதுபோல.

வெளியே, கீழ் வீட்டு ஹவுஸ் ஓனர் மயிலாத்தாள்.

குன்னத்தூர் கல்யாணத்துக்குப் போனவள். பந்தியில் உட்கார்ந்து, சொந்தபந்தம் எல்லாரையும் குறை சொல்லிவிட்டுச் சாயங்காலம்தான் திரும்புவாள் என்று நம்பியிருந்தான். மத்தியானமே பட்டுச்சேலையில் வந்து நிற்கிறாள்.

குடிவந்த அன்றைக்கே சொல்லியிருந்தாள். பாட்டு, கொட்டு எதுவும் ஆகாது. அவனுக்கு முன்னால் இருந்தவன் புல்லாங்குழல் வாசித்தான். இரண்டே மாதத்தில் சாமானைத் தெருவில் வைத்துவிட்டாள்.

இவனுடைய ஆல்பத்துக்கு இன்னும் ஒரே ஒரு பாட்டுதான் பாக்கி.

மொத்தம் எட்டு. டெத் மெட்டல், தொண்டை கிழியக் கத்தும் ராக் இசை. எல்லாப் பாட்டும் பிணம், புதைகுழி, அது தொடர்பான சங்கதிகள். குரலை நண்பனின் காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பதிவு செய்தான். வாட்ச்மேன் ஓடிவந்து தண்ணீர் கொடுத்தார். டிரம்ஸ் லேப்டாப்பிலேயே முடிந்தது.

கிட்டாருக்கு மட்டும் இந்த அறை வேண்டும். ஸ்பீக்கர் அலற வேண்டும். சுவர் அதிர வேண்டும்.

அறை போனால் ஆல்பம் போச்சு.

முப்பது வருடத்துக்கு முன்னால் ஸ்வீடனில் சில பையன்கள், கிட்டாரோடு இணைக்கும் ஒரு சின்னப் பெட்டியில் இருந்த எல்லாத் திருகுகளையும் கடைசிவரை திருகிவிட்டார்கள். கிட்டார் ரம்பமாகிவிட்டது. மனிதன் உண்டாக்கிய சத்தங்களில் அதற்குமேல் ஒன்று கிடையாது என்பது அவன் கட்சி.

அவனும் அதே மாதிரி பெட்டி வாங்கினான். அதே மாதிரி திருகினான். இரண்டு வருடம்.

வந்ததெல்லாம் மிக்ஸி.

மயிலாத்தாள் அவன் தோளுக்கு மேலே எக்கி அறைக்குள் பார்த்தாள்.

“ஏந் தம்பி, ரம்பமா ஓட்டறே?”



கல்லூரியில் அவனை ரம்பம் என்று சொன்னவர்கள் உண்டு. அது அவன் பேச்சைப் பற்றி.

இது வேறு.

கண் கலங்குவதுபோல இருந்தது. டெத் மெட்டலில் அது வழக்கமில்லை. அடக்கிக்கொண்டான்.

“ஆமாங்க” என்றான்.

“மரவேலை தெரியும்னு ஒரு வார்த்தை சொன்னியா? நல்ல தொழில்தான கண்ணு, அதைப் போயி ஒளிச்சு வெச்சுட்டு. நீ என்ன, அந்தப் புல்லாங்கொழல்காரன மாதிரி ஊளையா உட்டுட்டு இருக்கறே?” அவள் முகம் மலர்ந்துவிட்டது. “எங்கூட்டுக் கதவு மழைக்கு உப்பிப்போயி அடியில உரசுது. வந்து ஒரு இழுப்பு இழுத்துட்டுப் போ.”

ஹார்டுவேர் கடையில் மின்ரம்பம் வாடகைக்குக் கிடைத்தது. விரல் போகாமல் எப்படிப் பிடிக்க வேண்டும் என்று கடைக்காரர் ஓட்டிக் காட்டினார். அவன் சத்தத்தைத்தான் கவனித்தான்.

மெலிசு. அடியில் கனமே இல்லை.

கதவைக் கழற்றி, வாசலில் இரண்டு ஸ்டூல் போட்டுக் கிடத்தினார்கள். மயிலாத்தாள் நாற்காலியைப் பக்கத்திலேயே இழுத்துப் போட்டுக்கொண்டாள். இன்னும் பட்டுச்சேலையில்தான் இருந்தாள்.

அவன் பென்சிலால் கோடு போட்டான். ரம்பத்தை முடுக்கினான். கோடு ஒரு பக்கம் போனது, ரம்பம் ஒரு பக்கம் போனது. மரத்தூள் பறந்து அவள் கொண்டையில் உட்கார்ந்தது.

மயிலாத்தாள் முகத்தைச் சுளித்தாள். தூளுக்காக இல்லை.

“நிறுத்து, நிறுத்து. இது எதைக் கொண்டாந்தே?”

“ரம்பம்ங்க.”

“இதா?” அவள் ரம்பத்தை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள். “ஈ பறக்கறாப்பல கத்துது. மத்தியானம் மேல ஓட்டுனியே, அது என்ற நெஞ்சுக்குள்ளயே பூந்து அறுத்துச்சு. அதுதான் ரம்பம். அதைக் கொண்டா.”

அவன் கையில் இருந்ததைப் பார்த்தான். எஃகு. வட்டமாக, வரிசையாகப் பல். இதற்குமேல் ஒரு ரம்பம் என்ன சாட்சி சொல்ல முடியும்.

மாடி ஏறினான்.

போர்வையை விலக்கினான். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான்.

அது ரிப்பேர் ஆகிவிட்டது என்று சொன்னால் போதும். மரவேலைக்காரனாகவே இருந்துவிடலாம். நாளைக்கு எட்டாவது பாட்டை வாசித்து முடித்துவிடலாம். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டே வாசிக்கலாம். இதைக் கீழே தூக்கிக்கொண்டு போனால், சாமான் இன்றைக்கே தெருவுக்கு வரும்.

தெளிவான கணக்குதான்.

“எங்க கண்ணு, கொண்டா!” கீழேயிருந்து குரல் வந்தது.

அவன் வாசிப்பதை நிறுத்தச் சொல்லிக் கேட்டவர்கள் உண்டு. சத்தத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்டவர்கள் உண்டு. கொண்டு வா என்று யாரும் கேட்டதில்லை.

கேட்டதே இல்லை.

கிட்டாரைத் தோளில் மாட்டினான். ஆம்ப்ளிஃபயரைக் குடம்போல இடுப்பில் ஏற்றிக்கொண்டான். அந்தச் சின்னப் பெட்டியைச் சட்டைப்பைக்குள் போடப் பார்த்தான், கொள்ளவில்லை. பல்லில் கடித்துக்கொண்டான்.

படி இறங்கினான்.

கீழே மயிலாத்தாள் ரம்பத்தின் ஒயரைப் பிடுங்கிவிட்டுக் காத்திருந்தாள்.