மரத்தடி இடம்

வேனை வீடாக்கிய அந்த வண்டிவீட்டுக்குள் விசிறி நின்று ஒரு மணி நேரமாகிறது. அவன் பேட்டரி மீட்டரை மறுபடியும் தட்டிப் பார்க்கிறான். முள் அசைவேனா என்கிறது. குளிர்பெட்டி வாயடைத்துக் கிடக்க, மனைவி தன் இன்சுலின் குப்பிகளை ஈரத்துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அவனையே பார்க்கிறாள். "சோலார் பேனல் புதுசுங்கறீங்க, வெயிலும் மண்டையப் பொளக்குது. அப்புறம் ஏன் சார்ஜ் ஏறல?" "அதான் எனக்கும் புரியல." இருப்புக்கொள்ளாமல் ஏணியில் ஏறி, கூரைமேல் இருக்கும் பேனலில் உள்ளங்கையை வைக்கிறான். சில்லென்றிருக்கிறது. அதன்மேல் இலைநிழல்கள் ஆடுகின்றன. குளுகுளுவென்று இருக்குமென்று முந்தாநாள் அரைமணி அலைந்து இந்த மரத்தடியைப் பிடித்தவன் அவனேதான். கீழே, தனி பேட்டரி உள்ள இன்ஜின் உறுமுகிறது. ஓட்டுநர் இருக்கையில் அவள். "இறங்குறீங்களா, இல்ல உங்களோட சேத்தே வண்டிய வெயிலுக்கு எடுக்கட்டுமா?"