கூடவே வரும் நிழல்

"சாப்பாடு ஆறுதுங்க," என்றாள் மனைவி, அறை வாசலில் நின்று.

"ஆட்டம் ஆரம்பிக்கப் போகுது. இப்ப எழுந்தா டீம்ல மிச்ச நாலு பேரும் திட்டுவாங்க," என்றான் கணவன், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஐவருக்கு ஐவர் மோதும் ஆட்டம். எதிரியின் கோட்டையை முதலில் இடிப்பவர்களுக்கு வெற்றி. முன்னால் போய் அடிப்பது அவன் வேலை. பின்னாலேயே வந்து அவன் காயத்தை ஆற்றுவது 'நிழல்' என்ற பெயரில் ஆடும், முகம் தெரியாத யாரோ ஒருவரின் வேலை.

"இந்த நிழல் இருக்காரே, நான் வாயைத் தொறந்து கேக்கவே வேணாம், மருந்தோட வந்து நிப்பார். மனசறிஞ்சு நடக்கிறதுன்னா அதான்."

"கொடுத்து வச்சவர் நீங்க," என்றபடி அவள் அடுத்த அறைக்குப் போனாள்.

கடைசிச் சண்டையில் எதிரிகள் ஐவரும் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். நிழல் மட்டும் நட்ட மரம்போல் அசையாமல் நின்றது.

வாசலில் மறுபடியும் மனைவி. "வர்றீங்களா, இல்லையா?"

"இரும்மா, இங்க உயிர் போகுது."

உயிர் போனது. கோட்டையும் போனது. அவள் அடுத்த அறைக்கே திரும்பிப் போனாள்.

அவன் ஆத்திரத்தோடு தட்டினான்: 'நிழல், அந்த நேரம் பாத்து எங்க போய்த் தொலைஞ்சீங்க?'

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது.

'உங்களைச் சாப்பிடக் கூப்பிடத்தான்.'