ஜன்னல் பக்கம்

"கல்லு பேசிச்சுன்னு எழுதியிருக்கியே மக்கா, நீ யாருகிட்ட பேசினே?"

வாசகசாலையே சிரித்தது. ஹம்பி பயணக் கட்டுரையைப் பாதியில் நிறுத்தினான் சத்தியராஜ்.

பாறசாலைப் பக்கத்து அந்த வாசகசாலையில் ஞாயிறுதோறும் யாராவது தான் எழுதியதை வாசிப்பார்கள். சத்தியராஜ் பயணக் கட்டுரை வாசித்தால் மட்டும் அருமநாயகத்துக்கு நாக்கு சும்மா இருக்காது.

"பசிச்சப்போ என்ன தின்னே?"

"அதெல்லாம் கட்டுரைக்கு எதுக்கு அண்ணே?"

"பின்னே? வழி மாறிப் போனியா? பஸ்சுல பக்கத்துல யாரு இருந்தா?"

"பக்கத்துல இருக்கிற நெய்யாற்றின்கரையைத் தாண்டாத ஆளு கேக்கிற கேள்வியைப் பாரு!" என்று மோகனன் கை கொட்டினான்.

சத்தியராஜுக்கு மூஞ்சி சுண்டிப்போனது. அனுப்பிய கட்டுரைகளையெல்லாம் சென்னைப் பத்திரிகை திருப்பிக்கொண்டே இருந்தது. இதற்கும் அதே கதிதான் என்று உள்ளூரத் தெரியும்.

'கேட்டீரில்லையா, இந்தாரும்' என்று திருத்தி எழுதினான். பேசின கல்லையெல்லாம் தூக்கி எறிந்தான். தப்பான பஸ்ஸில் ஏறிப் பொட்டல்காட்டில் இறங்கியது, கூடையை அப்படியே போட்டுவிட்டு ரோடு வரை கூட வந்த கடலைக்காரி, தொண்டையில் சிக்கின சோள ரொட்டி, எல்லாம் உள்ளே வந்தன.

அடுத்த ஞாயிறு அதை வாசித்தபோது அருமநாயகம் வாயே திறக்கவில்லை.

பத்திரிகையிலும் வந்துவிட்டது, படத்தோடு.

இதழோடு முதலில் அருமநாயகம் வீட்டுக்குத்தான் நடந்தான். நன்றி சொல்லவா, மூஞ்சிக்கு நேரே நீட்டிக் காட்டவா என்று அவனுக்கே நிச்சயமில்லை.

உள்ளே கேட்ட குரல் வாசலிலேயே அவனை நிறுத்தியது.

"பஸ்சு மாறி ஏறிட்டோம், கேட்டியா? ஒரே பொட்டக்காடு. ஒனக்குத் தண்ணி தவிக்குது..."

"அந்தக் கடலைக்காரி எனக்க கையைப் பிடிச்சாளா?"

"பின்னே, பிடிக்காம? ரோடு வரைக்கும் விடலியே."

கட்டிலில் அவர் மனைவி ஜெபகுமாரி. விழுந்து இடுப்பு ஒடிந்த நாளிலிருந்து அவள் முற்றத்தைக்கூடக் கண்டதில்லை என்பது ஊருக்கே தெரியும்.

சத்தியராஜைக் கண்டதும் அருமநாயகம் நெளிந்தார். "கல்லு பேசிச்சுன்னு போய்ச் சொன்னா இவ விடமாட்டா மக்கா. 'அப்ப நாம எங்க இருந்தோம், என்ன தின்னோம்'னு கேப்பா. நான் என்னத்தைச் சொல்ல?"

சத்தியராஜ் இதழை ஜெபகுமாரியின் கையில் வைத்துக் கும்பிட்டான்.

அவள் அதைப் புரட்டக்கூட இல்லை.

"அடுத்தாப்புல நாம எங்க போறோம் தம்பி? எனக்கு ஜன்னல் பக்கமாக்கும் வேணும்."