பதினேழு தடவை நின்ற வண்டி

“பதினேழு தடவ நடுவழியில நின்னிருக்கு,” என்றார் திருச்செல்வம். வண்டி வாங்க வந்தவரிடம் அவர் முதலில் சொன்னதே அதுதான்.

வந்த சுகுமாறன் பானெட்டைத் திறந்து குனிந்திருந்தார். செடெனாக் பக்கம் அவருக்கு டுரியான் பழத்தோட்டம். மேட்டில் ஏற, சேற்றில் இறங்க ஒரு பழைய ஃபோர்வீல் ஜீப் தேடிக் குளுவாங் வரைக்கும் வந்திருந்தார்.

“பழைய வண்டின்னா நிக்கத்தான் செய்யும் அண்ணே.”

“அதுல ஆறு தடவ ரேடியேட்டர். நாலு தடவ டீசல் பம்ப். மூணு தடவ பேட்டரி. மிச்சம் நாலு தடவ ஏன் நின்னுச்சின்னு இன்னிவரைக்கும் தெரியல.”

“வைப்பர் ஓடுதா?”

“மழ இல்லாதப்ப நல்லா ஓடும்.”

சுகுமாறன் சிரித்தார். திருச்செல்வம் சிரிக்கவில்லை. விற்கிற பொருளின் குறையை உள்ளது உள்ளபடி சொல்லிவிட வேண்டும் என்பது அவர் கொள்கை. இதற்கு முன் வந்த மூன்று பேரும் இந்தக் கணக்கைக் கேட்டுவிட்டுத்தான் திரும்பிப் போனார்கள். உண்மையைச் சொன்னால் ஆள் ஓடிவிடுகிறான். அதற்கு அவர் என்ன செய்வார்?

“அக்கா, அண்ணன் வண்டி விக்கிறாரா, ஆளத் தொரத்துறாரா?” சுகுமாறன் வாசலில் நின்ற திருச்செல்வத்தின் மனைவி புஷ்பவள்ளியிடம் கேட்டார்.

“நீங்களே கேளுங்க தம்பி. போன மாசம் யோங் பெங்ல எங்கண்ணன் மகளுக்குக் கல்யாணம். நாந்தான் ஆரத்தி எடுக்கணும். பாதி வழியில இது படுத்துக்கிச்சி. பட்டுச் சேலையோட செம்பனைக் குலை ஏத்துற லாரியில ஏறிப் போறேன், அங்க பந்தி முடிஞ்சி எலை எடுக்கிறாங்க.”

“பதினேழாவது,” என்றார் திருச்செல்வம் மெதுவாக.

“எண்ணிக்கிட்டே இருங்க. தம்பி, இன்னிக்கு ஒண்ணு இந்தச் சனியன் போவணும், இல்ல நான் எங்கண்ணன் வீட்டுக்குப் போவணும். இவருகிட்ட சொல்லிட்டேன்.”

சொன்னது உண்மைதான். அதனால்தான் திருச்செல்வம் காலையிலேயே எழுந்து வண்டியைக் கழுவி, டயரில் அப்பியிருந்த செம்மண்ணைக் குச்சியால் சுரண்டி நிறுத்தியிருந்தார்.

சுகுமாறன் ஏறிச் சாவியைத் திருப்பினார்.

முதல் திருப்பிலேயே வண்டி பிடித்துக்கொண்டது. இந்த ஒரு வருஷத்தில் அது அப்படிப் பிடித்ததே இல்லை. ‘துரோகி’ என்று நினைத்துக்கொண்டார் திருச்செல்வம்.

“நல்ல இஞ்சின்லா. எடுத்துக்கிறேன் அண்ணே. மத்தியானம் லாரியோட வந்து ஏத்திக்கிறேன்.”

திருச்செல்வம் தலையை ஆட்டினார். பிறகு கிட்டே போனார்.

“மூணாவது கியர மெதுவா போடுங்க. அதட்டுனா விழாது.”

“சரிண்ணே.”

“சேத்துல மாட்டிக்கிட்டா ஆக்ஸிலேட்டர அழுத்தாதீங்க. அணைச்சிட்டுப் பத்து நிமிஷம் சும்மா விடுங்க. அப்புறம் அதுவே ஏறி வந்துரும்.”

“சரிண்ணே.”

“லெஃப்ட் கதவ இழுத்துச் சாத்தாதீங்க. லேசா தூக்கி…”

அவரே கதவைத் தூக்கிச் சாத்திக் காட்டினார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கதவைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். மூன்றாம் தடவையும் அதே இடம்.

காப்பியோடு வந்த புஷ்பவள்ளி அதைப் பார்த்துவிட்டாள். நீட்டப்போன கிளாஸைத் திரும்ப இழுத்துக்கொண்டாள்.

“தம்பி, கையெல்லாம் எண்ணெய். பின்னால கொழாயில கழுவிட்டு வந்து காப்பி குடிங்க,” என்று சுகுமாறனை உள்ளே அழைத்துப் போனாள்.

ஐந்து நிமிடத்தில் சுகுமாறன் திரும்பி வந்தார். கை கழுவியிருந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. வண்டியை ஒட்டி வராமல், சுற்றிக்கொண்டு பூச்சட்டி ஓரமாகவே வந்தார்.

“அண்ணே, கோவிச்சுக்காதீங்க. எனக்கு இந்த வண்டி சரிப்படாது.”

திருச்செல்வத்துக்கு அப்போதுதான் மூச்சு முழுசாக வந்தது. ஆனாலும் காரணம் தெரியாமல் விட அவரால் முடியாது.

“ஏன் தம்பி? எல்லாக் கொறையயும் சொல்லிட்டேனே.”

“பதினேழு சொன்னீங்க அண்ணே. முக்கியமானத விட்டுட்டீங்களே.”

“நான் ஒண்ணையும் விடல.”

சுகுமாறன் கேட்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டு குரலைத் தாழ்த்தினார்.

“டிரைவருக்குப் பக்கத்து சீட்டு. இத்தன வருஷமா அதுல உக்காந்து வந்த அம்மா தவறிட்டாங்களாமே. செத்தும் சீட்ட விட்டு எறங்கலியாம். வண்டி நிக்கிறதெல்லாம் அவங்க புடிச்சு நிறுத்துறதாம். ‘நான் சொன்னேன்னு அவருகிட்ட சொல்லாதீங்க தம்பி’ன்னு அக்கா அழாத கொறையா சொன்னாங்க. நான் விடியறதுக்கு முன்னாடி தனியா டுரியான் பொறுக்கப் போறவன் அண்ணே. எனக்கு வேணாம்.”

அவர் கார் முனை திரும்பும்வரை திருச்செல்வம் பார்த்துக்கொண்டே நின்றார்.

இருபத்திரண்டு வருஷத்தில் அந்தச் சீட்டில் உட்கார்ந்த பெண் ஒரே ஒருத்திதான்.

“என்னங்க, வெயில்ல என்ன நிக்கிறீங்க?” என்று அவள் அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். “சீக்கிரம் சட்டைய மாத்திட்டு வாங்க, பசாருக்குக் காய்கறி வாங்கப் போவணும். பஸ்ஸெல்லாம் வேணாம். உங்க வண்டியிலேயே போவலாம்.”